மணியும் டாலரும் கோத்த மேக்ரமே கழுத்தணி: அளவெடுப்பதிலிருந்து நகரும் முடிச்சு வரை

நூலை முடிச்சு முடிச்சாகக் கட்டி அணிகள் செய்யும் கைவேலைதான் மேக்ரமே. மேக்ரமே கழுத்தணி கெட்டுப்போவதற்கான காரணங்களில் பாதி, முதல் முடிச்சு விழுவதற்கு முன்பே வந்து சேர்ந்துவிடும். மணியின் துளைக்குள் இரண்டு இழை நுழையாது. டாலர் பக்கவாட்டில் திரும்பி நிற்கும். பத்து முடிச்சு பாக்கி இருக்கும்போது நூல் தீர்ந்துபோகும். மூன்றையும் கத்தரியைக் கையில் எடுப்பதற்கு முன்பே சோதித்துச் சரிசெய்துவிடலாம். அதனால்தான் இங்கே முடிச்சுக்குச் சமமாக முன்தயாரிப்புக்கும் இடம் கொடுத்திருக்கிறோம்.

செய்யப்போகும் அணி இப்படி இருக்கும்: நடுவில் டாலர். அதன் இரு பக்கமும் 12 செ.மீ. நீளத்துக்குச் சதுர முடிச்சுகளும் மணிகளும் மாறி மாறி வரும். அதற்குமேல் வெறும் இரட்டை நூல். பின்கழுத்தில் நீளத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு நகரும் முடிச்சு. கொக்கி வேண்டாம். இழுத்தால் சுற்றளவை 45 செ.மீ.க்குக் குறைக்கலாம், முழுக்கத் தளர்த்தினால் 65 செ.மீ. பெரியவர்களின் தலைச் சுற்றளவு பெரும்பாலும் 54 முதல் 60 செ.மீ.க்குள் இருப்பதால் தலை வழியாகவே போட்டுக் கழற்றிவிடலாம்.

தேவையானவை

1 மி.மீ. மெழுகு பூசிய பாலியஸ்டர் நூல் 7 மீட்டர், 6 மி.மீ. மணிகள் 20 (அணிக்கு 16, மீதி கைவசம்); ஒரு டாலர்; உள்விட்டம் 7 அல்லது 8 மி.மீ. உள்ள, வாய் பற்றவைத்து மூடிய வளையம் ஒன்று. கூர்மையான சிறு கத்தரி, அளவுகோல், லைட்டர், செலோ டேப், கிளிப் வைத்த பரீட்சை அட்டை. மேக்ரமே பலகையும் ஊசிகளும் இருந்தால் நல்லது, ஆனால் இந்த அளவு வேலைக்குப் பரீட்சை அட்டையே போதும்.

முதல் தடவை செய்பவர் மெழுகு நூலையே எடுக்கட்டும். மெழுகு, முடிச்சைப் போட்ட இடத்தில் பிடித்து வைத்துக்கொள்ளும், வழுக்காது, நுனியைச் சுட்டால் உருகி ஒட்டிவிடும். சாட்டின் நூல் பளபளப்பாக இருந்தாலும் முடிச்சு தானாக நெகிழும். பருத்தியும் சணலும் தொடுவதற்கு இதமானவை. ஆனால் அவை தீயில் உருகாது, எரியும். அவற்றின் நுனிகளை ஊசியில் கோத்து, பின்பக்கத்து முடிச்சுகளுக்குள் செருகிப் பசை வைத்துத்தான் முடிக்க வேண்டும். கையில் இருக்கும் நூல் எது என்று தெரியவில்லையா? 2 செ.மீ. துண்டை வெட்டி இடுக்கியால் பிடித்துச் சுடுங்கள். உருண்டு கடினமான குமிழாகச் சுருங்கினால் செயற்கை இழை. கருகிச் சாம்பலானால் பருத்தி அல்லது சணல்.

துளை

மணி வாங்கும்போது எல்லாரும் வெளிவிட்டத்தைத்தான் பார்ப்பார்கள். இங்கே முக்கியம் துளை. ஒவ்வொரு மணியையும் இரண்டு உள் இழைகள் (முடிச்சுகளுக்கு நடுவே நேராக ஓடும் நூல்கள்) சேர்ந்து கடக்கின்றன. 1 மி.மீ. நூல் இரண்டு அருகருகே போக 2 மி.மீ. துளை வேண்டும். 6 மி.மீ. கல்மணிகள் பலவற்றில் துளை 1 மி.மீ. அளவே இருக்கும், முத்துகளில் அதைவிடவும் சிறிது. மரமணி, உலோக மணி, ‘பெரிய துளை’ என்று குறிப்பிட்டு விற்கும் கல்மணி ஆகியவை சரியாக வரும். மனத்துக்குப் பிடித்த மணியின் துளை சிறியதாக இருந்தால் 0.5 மி.மீ. நூலுக்கு மாறுங்கள்; 1 மி.மீ. துளை அதற்குப் போதும். ஆனால் முடிச்சுகளின் எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிப்பாகும், வேலை நேரமும் அப்படியே.

வாங்கிய மணிகள் அனைத்திலும் இரட்டை நூலை ஒரு தடவை நுழைத்துப் பாருங்கள். ஒரே பொதியில் வந்த மணிகளிலும் துளை ஒன்றுபோல இருக்காது. நுழைத்த நூலை முன்னும் பின்னும் நாலைந்து முறை இழுத்தபின் நூலில் பிசிறு தெரிந்தால் துளையின் விளிம்பு கூராக இருக்கிறது என்று பொருள். அந்த மணியை ஒதுக்குங்கள். அது நூலைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக்கொண்டே இருக்கும்.

டாலர் எந்தப் பக்கம் பார்க்கும்?

அணி முடிந்து கழுத்தில் போட்ட பிறகு டாலரின் முகம் முன்னால் பார்க்காமல் தோளைப் பார்த்து நிற்பதைப் பலரும் கண்டிருப்பார்கள். காரணம் வளையங்களின் எண்ணிக்கை. ஒன்றுக்குள் ஒன்று கோத்த இரண்டு வளையங்கள் எப்போதும் ஒன்றுக்கொன்று குறுக்காக நிற்கும்.

நம் அணியில் இடமும் வலமுமாக இரண்டு சரடுகள் ஒரே வளையத்தை இழுக்கின்றன. ஆகவே அந்த வளையம் நெஞ்சின் மேல் தட்டையாக, முன்னால் பார்த்தபடி கிடக்கும். அதில் நேரடியாகக் கோத்திருப்பது அதற்குக் குறுக்காக நிற்கும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு டாலரைப் பாருங்கள்.

துளை இடமிருந்து வலமாக, பக்கவாட்டில் ஊடுருவிப் போகிறதா? ஒரு வளையம் போதும். டாலர் முன்னால் பார்க்கும். துளை முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் போகிறதா, அல்லது உச்சியில் டாலரோடு சேர்த்து வார்த்த தட்டையான காது இருக்கிறதா? அப்படியானால் நடுவில் இன்னொரு சிறு வளையம் வேண்டும். டாலரில் சிறு வளையம், அதில் பெரிய வளையம், பெரியதில் சரடுகள். நடுவில் பெரிய ஓட்டையுள்ள வட்டக் கல்லாக இருந்தால் வளையமே வேண்டாம். சரடுகளைக் கல்லிலேயே மாட்டலாம்.

வளையத்தின் வாய் மூடியிருப்பது கட்டாயம். வாய் பிளந்த சாதாரண வளையத்தில் 1 மி.மீ. நூல் என்றைக்காவது ஒருநாள் அந்தப் பிளவு வழியே நழுவிவிடும், டாலர் எங்கே விழுந்தது என்றுகூடத் தெரியாது. நடுவில் போடும் சிறு வளையம் மட்டும் பிளந்ததாக இருக்கலாம். அதில் நூல் படுவதில்லை, உலோகம்தான் படுகிறது. அதைத் திறக்கும்போது இரு குறடுகளால் முனைகளை முன்னும் பின்னுமாகத் திருகித் திறங்கள். பக்கவாட்டில் அகட்டினால் வட்டம் கெட்டு, பிறகு வாய் சரியாக மூடாது.

முடிச்சு தொடங்கும் முன் ஒரு தடவை எல்லாவற்றையும் துண்டு நூலில் மாட்டி, கண்ணாடி முன் நின்று பாருங்கள்.

மாதிரித் துண்டும் வெட்டும் அளவும்

ஒவ்வொருவர் கை இறுக்கமும் வேறு. அதனால் எந்த அட்டவணையையும் நம்பி நூலை வெட்டுவதைவிட ஒரு மாதிரி போட்டுப் பார்ப்பது மேல். 20 செ.மீ. நூல் இரண்டை உள் இழையாக வைத்து, 60 செ.மீ. நூல் ஒன்றால் பத்துச் சதுர முடிச்சு போடுங்கள் (முறை கீழே). சரடின் நீளம் 25 முதல் 30 மி.மீ.க்குள் வரும். பிறகு அதைப் பிரித்து, கட்டிய நூலில் ஒரு பக்கத்துக்கு எவ்வளவு போயிற்று என்று அளங்கள். 12 முதல் 14 செ.மீ. இருந்தால் கீழே சொல்லும் அளவுகள் உங்களுக்குப் பொருந்தும். அதிகம் போயிருந்தால் அதே விகிதத்தில் கூட்டிக்கொள்ளுங்கள்.

வெட்ட வேண்டியவை: உள் நூல் 100 செ.மீ. இரண்டு. கட்டு நூல் (உள் நூலைச் சுற்றி முடிச்சு போடும் நூல்) 140 செ.மீ. இரண்டு. நகரும் முடிச்சுக்கு 40 செ.மீ. ஒன்று.

கணக்கு இதுதான். ஒரு பக்கத்துக்கு 28 முடிச்சு, 7 மணி. முடிச்சுகளுக்கு ஓர் இழையில் சுமார் 36 செ.மீ., மணிகளைச் சுற்றிப் போக 6 செ.மீ., ஆக 42 செ.மீ. கட்டு நூலின் ஒரு பாதி 70 செ.மீ. என்பதால் நிறைய மிஞ்சுவதுபோலத் தோன்றும். ஆனால் கடைசி 12 செ.மீ. விரலில் பிடித்து இழுப்பதற்கே வேண்டும். அதற்குக் குறைந்தால் இறுக்கம் கெடும்.

முனைகளைச் சாய்வாக வெட்டி, லைட்டர் சுடரின் அடியிலுள்ள நீலப் பகுதியில் ஒரு கணம் காட்டுங்கள். மஞ்சள் நுனியில் காட்டினால் புகைக்கரி படிந்து வெளிர் நூல் கறுத்துவிடும். உருகிய முனை ஆறும்வரை விரலால் தொட வேண்டாம், தோலில் ஒட்டிக்கொண்டு சுடும்.

சரடு தொடங்குதல்

உள் நூல் ஒன்றைச் சரிபாதியாக மடியுங்கள். மடிப்பை வளையத்துக்குள் நுழைத்து, இரு முனைகளையும் அந்த மடிப்பின் வழியே எடுத்து இழுங்கள். இதுதான் லார்க்ஸ் ஹெட் முடிச்சு. இரண்டாவது உள் நூலையும் வளையத்தின் மறுபக்கத்தில் இப்படியே மாட்டுங்கள். இரண்டு மடிப்புகளையும் வளையத்தின் ஒரே முகத்திலிருந்து நுழைக்க வேண்டும். மாறினால் ஒரு பக்கம் குறுக்குக் கோடு தெரியும், மறுபக்கம் தெரியாது. டாலருக்கு மேலேயே இருப்பதால் அந்தக் குறை கண்ணில் உறுத்திக்கொண்டே இருக்கும்.

வளையத்தை அட்டையின் கிளிப்பில் மாட்டி, ஒரு பக்கத்து உள் இழைகள் இரண்டையும் நேராகக் கீழே இழுத்து, அட்டையின் அடியில் டேப்பால் ஒட்டுங்கள். இந்த இழைகள் வீணைத் தந்திபோல விறைப்பாக இருக்க வேண்டும். தொய்ந்த உள் இழையின் மேல் எவ்வளவு நேர்த்தியாக முடிந்தாலும் சரடு வளைந்து நெளியும். மணி கோக்கும்போது மட்டும் டேப்பை எடுங்கள், கோத்ததும் மீண்டும் ஒட்டிவிடுங்கள்.

கட்டு நூலின் நடுப்புள்ளியை உள் இழைகளுக்கு அடியில், வளையத்தை ஒட்டி வையுங்கள். இடப்பக்கத்து முனையில் மட்டும் சிறு முடிச்சு ஒன்று போட்டு அடையாளம் செய்யுங்கள்.

சதுர முடிச்சு

முதல் பாதி: இடப்பக்க இழையை உள் இழைகளுக்கு மேலாக வலப்பக்கம் கொண்டுபோங்கள். இடது ஓரத்தில் ஒரு கண்ணி விழும். வலப்பக்க இழையை, இப்போது வந்து சேர்ந்த இழைக்கு மேலே வைத்து, உள் இழைகளுக்கு அடியில் இடப்பக்கம் செலுத்தி, அந்தக் கண்ணிக்குள் கீழிருந்து மேலே எடுங்கள். இரண்டையும் ஒரே சமயத்தில், ஒரே பலத்தில் பக்கவாட்டில் இழுங்கள்.

இரண்டாம் பாதி இதன் கண்ணாடிப் பிம்பம். இப்போது வலப்பக்கம் இருக்கும் இழை மேலாக இடப்பக்கம் போகும். இடப்பக்கத்து இழை அதன் மேல் ஏறி, அடியில் போய், வலது கண்ணிக்குள் மேலே வரும். இழுத்தால் ஒரு முழு முடிச்சு.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முன்பக்கமாகக் குறுக்கே போவது இரண்டு பாதியிலும் ஒரே இழைதான். அந்த இழையில்தான் அடையாள முடிச்சு போட்டோம். வேலையை நடுவில் விட்டு எழுந்து போனாலும் குழப்பம் வராது. அடையாள இழை வலப்பக்கம் இருந்தால் பாதி முடிச்சு நிற்கிறது. இடப்பக்கம் இருந்தால் முழு முடிச்சு முடிந்தது. எப்போதும் அடையாள இழையையே மேலே கொண்டுபோங்கள், சரடு தட்டையாக வரும். அதை மறந்து, ஒவ்வொரு பாதியையும் இடப்பக்கத்திலிருந்தே தொடங்கினால் சரடு முறுக்கிக்கொண்டு திருகுபோல ஓடும். அதுவும் அழகான வடிவமே, ஆனால் தட்டைச் சரடின் நடுவில் ஒரேயொரு திருகல் விழுந்தால் பிழை பிழையாகத்தான் தெரியும்.

எண்ணுவதற்கு இடது ஓரத்தைப் பாருங்கள். முழு முடிச்சு ஒன்றுக்கு அங்கே ஒரு புடைப்பு இருக்கும்.

மணிகள்

முதலில் ஐந்து முடிச்சு. பிறகு, ஒரு மணி, மூன்று முடிச்சு என்று ஏழு முறை. கடைசியில் கூடுதலாக இரண்டு முடிச்சு.

மணியில் இரண்டு உள் இழைகளையும் ஒன்றாகத் திணிக்க முயன்றால் முனை மடங்கிக்கொள்ளும். ஓர் இழையை முதலில் நுழைத்து 3 செ.மீ. வெளியே இழுத்துவிட்டு, மற்றதைப் பின்தொடர விடுங்கள். மணியை மேல் முடிச்சோடு ஒட்டித் தள்ளி, டேப்பை ஒட்டி, கட்டு இழைகளை மணியின் இரு பக்கமும் இறக்கி, மணிக்கு நேர் கீழே முடிச்சு போடுங்கள். மணிக்குக் கீழே விழும் முதல் பாதி முடிச்சில்தான் பலரும் தவறுவது. பலமாக இழுத்தால் பக்க இழைகள் மணியின் மேல் ஏறி அதை மறைக்கும், மணி ஒரு பக்கம் சாயும். தளர்ந்தால் காதுபோலக் கண்ணிகள் பிதுங்கி நிற்கும். பக்க இழைகள் மணியின் வளைவை ஒட்டி, அதை அழுத்தாமல் போகும் இடத்தில் நிறுத்தி, இரண்டாம் பாதியை வழக்கமான பலத்தில் இறுக்குங்கள்.

ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு மறுபக்கத்தைத் தொடங்கும் வழக்கம் வேண்டாம். கை சோர்ந்தால் இறுக்கம் மாறும். காலையில் முடிந்த பக்கமும் மாலையில் முடிந்த பக்கமும் 28 முடிச்சில் ஒரு செ.மீ. வரைகூட வித்தியாசப்படலாம். இரண்டு மணி இந்தப் பக்கம், இரண்டு மணி அந்தப் பக்கம் என்று மாறி மாறிப் போங்கள். ஒவ்வொரு முறையும் இரு சரடுகளையும் அருகருகே வைத்து ஒப்பிடுங்கள். 2 மி.மீ. வரை வித்தியாசம் இருந்தால், நீளமான பக்கத்து முடிச்சுகளை நகத்தால் மேலே தள்ளிச் சேர்த்தால் சரியாகும். அதற்குமேல் என்றால் பிரித்துப் போடுவதே நல்லது. மெழுகு நூலை ஊசி முனையால் நெகிழ்த்திப் பிரிக்கலாம், நூல் கெடாது.

சரடை முடித்தல்

கடைசிச் சதுர முடிச்சை ஒட்டி, இரண்டு உள் இழைகளையும் சேர்த்து ஒரு சாதா முடிச்சு போடுங்கள். இது பூட்டு. சதுர முடிச்சுகள் உள் இழையைச் சுற்றித்தான் நிற்கின்றன, அதோடு கட்டப்படவில்லை. பூட்டு இல்லாவிட்டால் நாளடைவில் சரடு மேலே நகர்ந்து மணிகளுக்கிடையே இடைவெளி விழும்.

பிறகு அணியைக் கவிழ்த்து, கட்டு இழைகளைப் பின்பக்கம் திருப்பி 2 மி.மீ. விட்டு வெட்டுங்கள். நீலச் சுடரை ஓரமாகக் காட்டி, உருகியதும் கத்தரியின் தட்டையான பக்கத்தால் அழுத்துங்கள். உள் இழைகளில் சூடு படக்கூடாது, அதில் ஓர் இழை இளகினாலும் அணி அங்கேதான் அறுபடும். வெட்டும் முன் அவற்றை எதிர்ப்பக்கம் மடித்துப் பிடித்துக்கொள்ளுங்கள். அருகில் இருப்பது மரமணியோ பிளாஸ்டிக் மணியோ என்றால் நனைத்த துணித் துண்டால் அதை மூடிவிட்டுச் சுடுங்கள்.

வேலையின் நடுவே கட்டு நூல் தீர்ந்துபோனால் இதே முறைதான். மணிக்கு மேலே ஒரு முழு முடிச்சோடு நிறுத்தி, புதிய நூலின் நடுவை உள் இழைகளுக்கு அடியில் வைத்து இரண்டு முடிச்சு போட்டுவிட்டு, பழைய முனைகளைப் பின்பக்கம் வெட்டி உருக்குங்கள். பழைய முனைகளை உள் இழைகளோடு சேர்த்துக் கட்டிவிடலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் சரடு அந்த இடத்தில் தடிக்கும், அடுத்த மணியும் நுழையாது.

நகரும் முடிச்சு

அணியை மேசைமேல் வட்டமாக வையுங்கள். இடப்பக்கத்து இரட்டை நூலும் வலப்பக்கத்து இரட்டை நூலும் எதிரெதிர்த் திசையில் ஒன்றன்மேல் ஒன்று படியட்டும். 6 செ.மீ. இடைவெளியில் இரண்டு இடத்தில் டேப் ஒட்டுங்கள். நடுவில், 40 செ.மீ. நூலால், நான்கு இழைகளையும் உள் இழையாகக் கொண்டு ஆறு சதுர முடிச்சு போடுங்கள். முன்னர் போட்டதைவிடச் சற்று இறுக்கமாகவே போடுங்கள்.

முனைகளை வெட்டும் முன் சோதனை. டேப்பை எடுத்துவிட்டு, ஒரு கையால் முடிச்சைப் பிடித்து வால்களை, அதாவது முடிச்சுக்கு வெளியே நீளும் இரட்டை நூல் முனைகளை, இழுங்கள். நகர வேண்டும், ஆனால் தானாக ஓடக்கூடாது. டாலரைத் தொங்கவிட்டு மெல்லக் குலுக்கினால் நீளம் மாறாமல் இருந்தால் சரி. நகரவே இல்லை என்றால் பத்துப் பதினைந்து முறை முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள், மெழுகு இளகி வழிவிடும். தானாக நழுவினால் இன்னும் இரண்டு முடிச்சு சேருங்கள். டாலர் கனமாக இருந்தாலும் எட்டு முடிச்சே பாதுகாப்பு. திருப்தியானபின் முனைகளை முன்போல வெட்டி உருக்குங்கள். இங்கே சூடு உள்ளே இறங்கி நான்கு இழைகளையும் முடிச்சோடு ஒட்டவைத்துவிட்டால் அது இனி நகராது. சுடரைத் தள்ளிப் பிடித்து, முனை சுருங்கத் தொடங்கியதும் எடுத்துவிடுங்கள்.

வால்களில், வளையத்திலிருந்து 34 செ.மீ. அளந்து, ஒவ்வொரு பக்கமும் ஒரு மணி கோத்து, அதை ஒட்டி இரட்டை நூலில் சாதா முடிச்சு போடுங்கள். முடிச்சு மணியின் துளைக்குள் புகுந்தால் அதன்மேல் இன்னொன்று போட்டுப் பருமனாக்குங்கள். மீதி நூலை 5 மி.மீ. விட்டு வெட்டி முனையைச் சுடுங்கள்.

வேலையின்போது நூலில் வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் பதற வேண்டாம், வளைந்த இடத்தில் மெழுகு உடைந்திருக்கிறது. முடி உலர்த்தும் கருவியின் சூடான காற்றைச் சில நொடி காட்டினால் மறைந்துவிடும்.

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்த அணி வேண்டாம். மணி தொண்டைக்குள் போகும் அளவு சிறியது, நூலோ இழுத்தால் அறாத வகை.

வால் முனை முடிச்சுகளுக்கு அன்றே பசை வைத்துவிடாதீர்கள். நாலைந்து நாள் அணிந்தால் லார்க்ஸ் ஹெட் முடிச்சுகள் வளையத்தில் நன்றாக இறுகி, இரண்டு உள் இழைகளில் ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் நீண்டு தொய்ந்து தெரியலாம். அப்போது முனை முடிச்சை அவிழ்த்து, இரண்டையும் சமமாக இழுத்து மீண்டும் போட்டு, அதன்பின் ஒரு துளி பசை வையுங்கள்.